அரை விநாடிப் படம்

கதை விடுகிறேன் என்று என் அண்ணி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நடந்தது எனக்கு. நேரம் உட்பட எல்லாம் என் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது.

இரவுகூட இல்லை, ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆனால் எங்கள் மைக்ரோஸ்கோப் அறைக்குப் பகல் கிடையாது. ஜன்னலை அடைத்து, சுவருக்குக் கறுப்பு அடித்திருக்கிறோம். கட்டடத்தில் நான் மட்டும்தான். வீட்டில் என்னைத் தேட ஆளில்லை என்பதால் விடுமுறை வேலையெல்லாம் என் தலையில்தான் விழும்.

மருத்துவமனையிலிருந்து ஒரு கண்ணாடித் தகடு வந்திருந்தது. தீவிர சிகிச்சையில் இருக்கும் ஒருவரின் நுரையீரலில் எடுத்த துணுக்கு. மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி ஒட்டியிருந்தார்கள்.

டாக்டர் போனில் அவசரப்படுத்தினார். “சீக்கிரம் அனுப்புங்க சார். படத்தப் பாத்துதான் எந்த மருந்துன்னு முடிவு பண்ணணும். அவரு ரொம்ப நேரம் தாங்க மாட்டாரு.”

எங்கள் கருவியில் தகட்டுக்குக் கீழே 225 குட்டி விளக்குகள். ஒவ்வொன்றாக எரியும், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். எல்லாவற்றையும் சேர்த்து கம்ப்யூட்டர் ஒரே துல்லியமான படமாக்கும். நான்கு நிமிடம் ஆகும். அதைக் குறைக்கத்தான் இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டேன். விளக்குகளைக் கூட்டம் கூட்டமாக எரியவிட்டால் அரை விநாடி போதும்.

அது இன்னும் சோதனையில்தான் இருந்தது என்பதால் அன்று பழைய முறையில்தான் எடுத்தேன். மங்கல். மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் மங்கல். மேசை ஆடுகிறது என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் எது கெட்டாலும் முதல் பழி மேசைக்குத்தான்.

3:21. ஆட்டத்தைக் கண்டுபிடிக்க, புது முறையில் படங்களைத் தொடர்ந்து ஓடவிட்டேன்.

மேசை ஆடினால் படம் பக்கவாட்டில் நகரும். இது நகரவில்லை.

துணுக்கு விரிந்தது. சுருங்கியது. விரிந்தது...

எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினைந்து.

‘உன் மூச்சுதான்டா மேசையில படுது, மடையா’ என்று என்னையே திட்டிக்கொண்டேன். மூச்சை அடக்கினேன்.

திரையில் அது நிற்கவில்லை.

3:30. ஏசியை நிறுத்தினேன். இப்போது இருபத்து நான்கு.

3:38. முப்பத்தாறு. சத்தமும் கேட்டது. ஹ்ஹ்... ஹ்ஹ்... கருவியிலிருந்து இல்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து.

நாற்காலியில் யாரும் இல்லை.

கூட ஒரு ஆள் இருந்தால் “உங்களுக்கும் கேக்குதா?” என்று கேட்டிருப்பேன். அழுகை வந்தது.

ஹ்ஹ்... ஹ்ஹ்... ஹ்ஹ்...

3:42. தகட்டுக்குக் கீழே எரிந்த விளக்குகளின் சுவிட்சை அணைத்தேன்.

இருட்டு.

சத்தமே இல்லை.

ஓடினேன்.

வெளியே வெயிலில், வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்த அரை விநாடிப் படங்கள் ஒவ்வொன்றும் அப்பழுக்கில்லாத தெளிவு. ஒன்றை அனுப்பியிருந்தாலே போதும். நான் ஆட்டத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன், பாவி!

4:30. டாக்டரைக் கூப்பிட்டேன்.

“படம் இருக்கு டாக்டர். இப்பவே அனுப்பறேன்.”

“வேண்டாம் சார். அவரு போயிட்டாரு.”

“எப்போ?”

“மூணு நாப்பத்திரண்டு.”

“கூட... யாரு இருந்தாங்க?”

“சொந்தம்னு யாரும் வரல. நர்ஸ் மட்டும்தான். வார்டுல எல்லா லைட்டும் எரிஞ்சுட்டுதான் இருந்துது. ஆனா கடைசி நிமிஷம் வரைக்கும் ஒண்ணயேதான் கெஞ்சிட்டிருந்தாராம்.”

“என்னன்னு?”

“லைட்ட அணைச்சுடாதீங்கன்னு.”