கடைசிப் பொத்தான்

உலக வணிகம் மொத்தமும் சித்தியின் ஊசிமுனையில்தான் நின்றது. அவள் தும்மினால் மூன்று துறைமுகங்களில் கப்பல்கள் தள்ளாடும். நம்பாதவர்கள் கம்பெனிக்கே வந்து பார்த்திருக்கலாம். வாட்ச்மேன் உள்ளே விட்டிருக்கமாட்டார், அது வேறு விஷயம்.

சங்கதி இதுதான். எங்கோ தூர தேசத்தில் தைத்த சட்டைகள் பெட்டி பெட்டியாக இங்கே வந்து இறங்கும். எல்லாம் முடிந்திருக்கும், ஒரே ஒரு பொத்தானைத் தவிர. அதைச் சித்தி தைத்துவிட்டால் போதும், சட்டை நம் நாட்டுச் சரக்காகிவிடும். பக்கத்து நாட்டோடு போட்ட ஒப்பந்தப்படி, சல்லிக்காசு வரி கட்டாமல் எல்லையைத் தாண்டும். நாற்பது பெண்களின் பிழைப்பு அந்தப் பொத்தானில்தான் தொங்கியது.

சித்தப்பா டெய்லர். அதே ஒப்பந்தத்தால் வெளிநாட்டுச் சட்டை மலிவாக வந்து குவிந்ததிலிருந்து அவரிடம் பேண்ட்டின் நீளத்தைக் குறைக்க மட்டும்தான் ஆள் வருகிறது.

"உங்க ஒப்பந்தம் என் வாயில மண்ணள்ளிப் போட்டுடுச்சு" என்பார், ஃபேனுக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு.

"அந்த ஃபேனும் பாதி விலைக்கு வெளிநாட்டுலேருந்து வந்ததுதான். அதை மட்டும் ஏன் திட்ட மாட்டேங்கறீங்க?" என்பாள் சித்தி.

ஒருநாள் சுங்க அதிகாரி சோதனைக்கு வந்தார். சட்டையில் உருப்படியான வேலை ஏதாவது இங்கே நடக்கிறதா என்று பார்ப்பாராம். இல்லையென்றால் வரிச்சலுகை ரத்து, கம்பெனிக்குப் பூட்டு.

மேனேஜர் காலில் விழாத குறை. "அக்கா, தயவுசெஞ்சு மெதுவா தைங்க. பெரிய வேலைன்னு தெரியணும்."

சித்தி பிரமாதமாக நடித்தாள். நூல் கோர்க்கவே பத்து நிமிடம். வைரம் வாங்க வந்தவளைப் போலப் பொத்தானை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதிகாரி தலையாட்டிக்கொண்டே குறிப்பெழுதினார். மேனேஜருக்கு உயிர் வந்தது.

அந்த நேரம் பார்த்து அதிகாரியின் கைப்பொத்தான் தெறித்து விழுந்தது.

"கையக் கொடுங்க சார்."

ஆறே நொடி. நூலைப் பல்லால் கடித்துத் துப்பிய பிறகுதான் சித்திக்கு உறைத்தது.

அதிகாரி பொத்தானைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இவ்வளவுதானாம்மா வேலை?"

மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

"இவ்வளவுதான் சார்," என்றாள் சித்தி. "இருபது வருஷம் ஊசி புடிச்சிருந்தா."

அடுத்த மாதம் சலுகை போனது, கம்பெனியும் போனது. கடைசி நாள் வீட்டுக்கு வந்த சித்தி யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

"குடுடா அந்த நோட்ட," என்றாள், நான் எழுதுவதை என் தோளுக்கு மேலாக எட்டி இதுவரைக்கும் படித்த சித்தி. "நான் எங்கடா அழுதேன்? வந்ததும் உங்க சித்தப்பா மிஷினுக்கு எண்ணெய் விட்டு, பக்கத்துல இன்னொரு நாற்காலி போட்டேன். குழாயத் திறந்து விட்டுட்டு பாத்ரூமுக்குள்ள ஒரு மணி நேரம் அழுதது அந்த மனுஷன்தான்னு எழுது."