எட்டாம் நம்பர் அக்காவின் கால்

அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் எட்டாம் நம்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். செருப்புக் கடைக்குப் போனால், "ஆம்பளைங்க பக்கம் பாரும்மா" என்று கை காட்டும் அளவுக்குப் பெரிய கால். சின்ன வயதில் போட்டோ எடுக்கும்போதெல்லாம் அம்மா, "காலை உள்ள இழுத்துக்கோடி" என்பாள்.

அந்தக் கால்தான் அவளுக்குச் சோறு போட்டது. கால்பந்து பூட்ஸின் புது மாதிரிகளை எட்டாம் அளவில்தான் முதலில் தைப்பார்கள். போட்டுப் பார்ப்பவர் வராத ஒரு நாளில், பசை மேசையில் வேலை செய்துகொண்டிருந்த அவளை, மாதிரிகளை வடிவமைக்கும் மாஸ்டர் கூப்பிட்டார். அவள் காலைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டார். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம் ஜன்னலோர நாற்காலி அவளுடையது.

மைதானத்தில் ஒரு நாளும் பந்தை உதைத்ததில்லை. ஆனால் பூட்ஸ் மாறிய கதை முழுக்க அவள் காலுக்குத் தெரியும். முதலில் தடித்த தோல், அடியில் திருகி மாட்டும் இரும்புக் குமிழ். நனைந்தால் காலுக்கு ஒரு செங்கல். பிறகு தோல் மெலிந்தது, குமிழ்கள் பிளாஸ்டிக் ஆயின. கடைசியில் காலுறை போலப் பின்னியே செய்தார்கள்.

ஒவ்வொரு முறையும் மாஸ்டர் கேட்பார்: "என்னம்மா சொல்லுது?"

"நழுவுது", "கடிக்குது", எல்லாம் சரியாக அமைந்தால் "பேசாம இருக்கு." அவள் சொன்னபடி கால் வடிவ அச்சைத் திருத்துவார்.

பின்னல் பூட்ஸ் வந்த அன்று சுண்டுவிரலில் கடித்தது. சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். முந்தைய மூன்று மாதிரிகளும் அதே இடத்தில்தானே கடித்தன? மதியம் அந்தப் பழைய தாளை அலமாரியிலிருந்து எடுத்து, தரையில் விரித்து ஏறி நின்றாள். விரல் கோட்டைத் தாண்டியிருந்தது.

தாளை மடித்து வைத்துவிட்டால் நாற்காலி நிலைக்கும். ஆனால் யாரோ ஒருவன் ஓட்டத்தில் திரும்பும்போது, அவள் காலுக்காக அகலமாக்கிய பூட்ஸுக்குள் கால் வழுக்கும்.

"சார், பூட்ஸ் மேல தப்பில்லை. என் கால்தான் அகலமாயிடுச்சு."

மாஸ்டர் தாளையே பார்த்தார். "குதிகால் நழுவுதுன்னு கடைக்காரங்க எழுதினப்போ, பசங்களுக்கு லேஸ் கட்டத் தெரியலைன்னு திட்டினேனே! மூணு மாடலையும் உன்கூடவே சேர்த்துப் பெருக்க வச்சிருக்கோம்மா."

மறுவாரம் அவள் பசை மேசைக்குத் திரும்பினாள். நாற்காலியில் லாரியில் மூட்டை ஏற்றும் அண்ணன் உட்கார்ந்தார். எதைப் போட்டாலும், "சூப்பர் சார்."

மாஸ்டர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார். "அக்கா, இவரு காலை இடுக்கியில வச்சு நசுக்கினாலும் சூப்பர்ங்கிறாரு. கொஞ்சம் வா!"

பசை பிரஷ்ஷோடு வந்தவள் அண்ணனை இரண்டு தடவை நடக்கவிட்டாள். தன் காலில் பழைய தோல் பூட்ஸின் கனம் ஒரு நொடி வந்து போனது.

"இடது பெருவிரலைத் தரையிலயே ஊன்றாம நடக்குறாரு. கடிக்குது சார்."

அண்ணன் நெளிந்தார். "ஆமாக்கா. சொன்னா வேலை போயிடுமோன்னு..."

"சொல்லுங்கண்ணே. வேலையெல்லாம் போகாது," அவள் சிரித்தாள். "மிஞ்சிப்போனா பசை மேசை. என் பக்கத்துல இடம் இருக்கு."