கமீலாவாக வருகிறவர்

நிந்தவூரில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததுமே ஷாஹினா ராத்தா கொஞ்சம் கொஞ்சமாகக் கமீலாவாகத் தொடங்கிவிடுவார். காரைதீவு வரும்போது தோள் தாழ்ந்திருக்கும். சாய்ந்தமருதில், ஒழுங்கைகளின் முடிவில் கடல் வெள்ளைத் துணிபோல் தெரிந்து தெரிந்து மறையும்போது, கண்கள் எதையும் பார்க்காத கண்களாகியிருக்கும். கல்முனையில் கொண்டக்டர் ஒருமுறைக்கு இருமுறை கூப்பிட்டால்தான் இறங்குவார்.

கமீலா என்று யாரும் இல்லை. உளவியலாளர்களைப் பயிற்றுவிக்கும் நிலையம் ஒன்று இங்கே இருக்கிறது. படிப்பை முடித்தவர்கள் கடைசியாக ஒரு செயன்முறைச் சோதனையில் உட்கார வேண்டும். தூக்கம் போன ஒரு தாய் அவர்களிடம் வருவாள். மகள் கலியாணம் முடித்து வெளிநாடு போய்ப் பல மாதமாகிவிட்டது. அந்தத் தாய்தான் கமீலா; அவளாக நடிப்பவர் ஷாஹினா அக்கா, எங்கள் வழக்கில் ராத்தா. கொழும்பில் படித்தவரும் ஆலையடிவேம்பிலிருந்து வருபவரும் சந்திப்பது அதே கமீலாவைத்தான். எல்லோரையும் ஒரே அளவால் அளக்க அதுதான் வழி.

அங்கே வீடியோக் கமெராவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆகவே ராத்தாவின் அழுகையை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது ஒரே இடத்தில்தான் வரும்.

“நம்மட ஊருப் புள்ளையெண்டு கூடச் சொல்லிக் குடுக்கவும் ஏலா, அசலூரெண்டு மறைக்கவும் ஏலா” என்பார் ராத்தா. உபதேசம் செய்பவரிடம் கமீலா “ஓம், ஓம்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். பேசாமல் காத்திருப்பவரிடம்தான், மகளின் பங்குக்கும் இன்னும் அரிசி போடுவதைச் சொல்வாள்; அழுகை வருவதும் அங்கேதான்.

சோதனை முடிந்தும் கமீலா உடனே போய்விடுவதில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பின் வாங்கில் சாய்ந்து கண்ணயரும்போது ராத்தாவுக்குக் கமீலாவின் கனவுகள் வரும். வயல் நீரில் ஒரு பிள்ளை நடந்து போகிறாள், பாதம் நனையவில்லை, முகம் தெரியவில்லை. “அவட மகள்தான் அது. ஒருநாள் தொழுதுபோட்டு அந்தப் புள்ளைக்கும் துஆக் கேட்டுட்டன். அப்பிடியொரு புள்ள இல்லையெண்டு பொறகுதான் நினைவு வந்த” என்று சொல்லிச் சிரித்தார். கணவர் ஜவுபர் வாசலிலேயே கேட்பாராம்: “இப்ப ஊட்டுக்கு வந்திரிக்கிற ஆரு?”

போன வருஷச் சோதனையன்று காலையில் ராத்தா பஸ்ஸிலிருந்து கமீலாவாக இறங்கவில்லை. யாராகவும் இறங்கவில்லை. தேத்தண்ணியைக் கையில் வைத்தபடியே ஆறவிட்டார்.

முதலில் வந்தவர்களிடம் கதை வழமைபோல் ஓடியது. பிறகு கஜனி வந்தாள். ஆலையடிவேம்புக்காரி. அதற்கு முந்தைய வருஷம் கமீலாவுக்குப் புத்தி சொல்லியே சித்தியடையாமல் போனவள். இந்த முறையும் தவறினால் அவளுக்காகக் காத்திருந்த ஆஸ்பத்திரி வேலை வேறு யாருக்கோ போய்விடும்.

இந்தத் தடவை அவள் காத்திருந்தாள். மின்விசிறி மட்டும் சுழன்றது. ராத்தா வாய் திறந்தார்.

“மகள் நாளண்டைக்குப் போறாவாம். உம்மா எயர்போட்டுக்கு வரவேணாம், வந்தா என்னால போகேலாம போயிரும் எண்டு சொல்றா.”

கஜனி நிமிர்ந்தாள். கமீலாவின் மகள் எப்போதோ போய்விட்டவள்.

“அக்கா,” என்றாள் மெதுவாக, “இது உங்கட சொந்தக் கதையா?”

ராத்தா தலையைக் குனிந்துகொண்டார். அழவில்லை. அந்த அழுகை வரும் இடம் அவருக்கே தெரியாததுபோல் இருந்தது.

கஜனி பரிசோதகர் ஸஹீத் சேரின் பக்கம் திரும்பினாள். “சேர், நிப்பாட்டுங்க. கமெராவையும்.”

“நேரம் போகுது, தொடருங்க. இடையில நிப்பாட்டினா புள்ளி போடேலாது.”

“போட வேணாம் சேர். அவங்க நடிக்கத்தான் சம்மதிச்சவங்க. இதக் கதைக்கச் சம்மதிக்கல்ல. கேக்காம இத வச்சு நான் சித்தியடையிறது சரியில்ல.”

அவள் எழுந்து கதவைத் திறந்து, ராத்தா வெளியே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கமெராவை நிறுத்தினேன். அன்றைய மற்றச் சோதனைகளும் நின்றன.

பரிசோதகர்கள் வெகுநேரம் விவாதித்தார்கள். அந்தச் சந்திப்பைக் கணக்கில் எடுப்பதில்லை, கஜனி மீண்டும் உட்கார வேண்டும் என்று முடிவானது. வேறொருவரைக் கமீலாவாக்கலாம் என்றார் ஸஹீத் சேர். ராத்தா விடவில்லை. “மத்தவங்களுக்கு நான், அவக்கு மட்டும் வேற ஆளா? மகள அனுப்பிப்போட்டு வாறன்.”

வந்தார். தோள் தாழ்ந்தே வந்தார். கஜனிக்காக ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஓரிடத்தில் கஜனி புத்தி சொல்லத் தொடங்க, கமீலா ஈவிரக்கமில்லாமல் ஜன்னலைப் பார்த்தாள். கஜனி நாக்கைக் கடித்துக்கொண்டு மௌனமானாள். பிறகு, அரிசிப் பங்கைப் பற்றிக் கமீலா சொன்னாள்.

கஜனி சித்தியடைந்தாள், முதலிடமெல்லாம் இல்லை. இதை எழுதலாமா என்று இருவரிடமும் கேட்டேன். “எழுதுங்க, ஆனா என்னப் பெரியாளாக்கிராதீங்க” என்றார் ராத்தா.

பெறுபேறு சொன்ன பின்னேரம், பஸ் தரிப்பிடத்தில் ராத்தா தனியே உட்கார்ந்திருந்தார். கடல்காற்று வீதி மணலை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தது. கஜனி வந்து சற்றுத் தள்ளி நின்றாள். நன்றி சொல்லவில்லை.

“மகள் போய்ச் சேந்தாவா அக்கா?”

ராத்தா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஓரமாக நகர்ந்து இடம்விட்டார்.