முப்பத்தொன்பதும் சரி

கம்பைலர் என்கிற கம்ப்யூட்டர் புரோகிராமைச் சோதிக்கிற தொழில், பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போய், பிள்ளைக்கு மாறுகண் என்று சொல்லிவிட்டுத் தேநீருக்குக் காத்திருப்பது போன்றது. அந்த வேலை பார்த்துப் பட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களும், நான் பட்டதுபோல், ஏதோ ஒரு நவ்பரிடம் பட்டிருப்பீர்கள்.

பதமாகக் கேட்பது

எண்பதுகளின் நடுவில் கல்முனையில் ஒரு ஹாஜியார் தன் புடவைக்கடை மேல்மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினார். இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அவருடைய மருமகன் நவ்பர் சவூதியிலிருந்து கொண்டுவந்தது. கூடவே ஒரு கனவும் வந்திறங்கியது: தமிழ்ச் சொற்களால் கட்டளையிடும் ஒரு கணினி மொழி, அதில் எழுதியதை இயந்திரத்துக்கு விளங்கும்படி மாற்றும் ஒரு கம்பைலர். ‘கூட்டு’, ‘கழி’, ‘சொல்லு’ எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். தமிழின் தலைவிதி.

பாடசாலையில் கணிதம் படிப்பித்த என்னைப் பின்னேரங்களில் அதைச் சோதிக்க அழைத்தார்கள். நாற்பது சிறு புரோகிராம்கள் எழுதினேன். அவற்றின் சரியான விடைகளைத் தனிப் பட்டியலில் வைத்தேன். ஒவ்வொன்றாகக் கம்பைலருக்கு ஊட்டி, வருகிற விடையைப் பட்டியலோடு ஒப்பிட்டு, ‘சரி’ அல்லது ‘பிழை’ என்று திரையில் போடும் புரோகிராம் ஒன்றையும் எழுதி, அதற்குச் ‘சோதனை ஓட்டி’ என்று பெயர் வைத்தேன். முதல் ஓட்டத்திலேயே பதினொரு பிழை. நவ்பர் திரையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

“நீங்க கேக்கிற விதம் சரியில்ல டீச்சர். கொஞ்சம் பதமாக் கேட்டா அது சொல்லும்.”

நாடி பார்த்த இயந்திரம்

என் பங்கையும் சொல்ல வேண்டும். ஒரு பின்னேரம் கம்பைலர் ஒரு புரோகிராமின் நடுவில் செத்து விழுந்தது. சோதனை ஓட்டியோ ‘சரி’ என்று போட்டது. நான் அதை மூன்று நாளாகக் கவனிக்கவில்லை. முந்திய புரோகிராமின் விடை அழியாமல் கிடந்திருக்கிறது; இதற்கும் விடை அதே எண். ஓட்டி பழைய விடையை எடுத்து ஒப்பிட்டுத் திருப்திப்பட்டுவிட்டது. பல்கலைக்கழகத்தில் படித்தவள் என்ற மிதப்பு அன்றோடு கரைந்தது. அடுத்த அறையில் தட்டெழுத்துப் படிப்பித்த ரஹ்மா சிரித்துக்கொண்டே வந்தாள்.

“மௌத்தான ஆளுக்கு நாடி பாத்து, சுகமா இரிக்கார் எண்டு எழுதியிருக்கு உங்கட சாமான்.”

மூண்டு

அதைத் திருத்திய மறுவாரம் நாற்பதும் சரி. எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. பட்டியலைத் திறந்தேன். ஐந்திலிருந்து கழித்தல் இரண்டைக் கழித்தால் ஏழு. என் பட்டியலில் அது மூன்றாக மாறியிருந்தது. இரண்டு கழித்தல் குறி சேர்ந்து வந்தால் கம்பைலர் ஒன்றை விழுங்கிவிடும். மற்றப் பத்துப் பிழைகளை மெனக்கெட்டுத் திருத்திய நவ்பர், இந்த ஒன்றுக்கு மட்டும் கம்பைலரை விட்டுவிட்டு விடையைத் திருத்தியிருந்தான். மனிதர்கள் ஒரு மொழியைப் படைக்கிற சிரமத்தைப் படுவார்கள். ஒரு பிழையை ஒத்துக்கொள்கிற சிரமம் மட்டும் ஆகாது.

“மெஷினே மூண்டு எண்டு சொல்லக்குள்ள, நீங்க தனிய நிண்டு ஏழு எண்டா எப்பிடி டீச்சர்?”

நோன்புக் கலண்டர்

ரமழானுக்கு முன் ஹாஜியாருக்கு ஒரு யோசனை வந்தது. நோன்பு திறக்கிற நேரங்களைத் தன் மருமகனுடைய மொழியிலேயே கணித்து, கலண்டர் அடித்து, ஊரெல்லாம் கொடுப்பது. தலைப்பில் வகுப்பின் பெயர், “தமிழ்க் கம்ப்யூட்டர் கணித்தது” என்ற வரி. சூரியன் மறைகிற நேரத்துக்குச் சூத்திரம் நான் கொடுத்தேன். அதில் ஒரு திருத்த எண்ணைக் கழிக்க வேண்டும். மாதத்தின் பிற்பாதியில் அந்த எண்ணே கழித்தலுக்குப் போய்விடும். கழித்தல் இரண்டு வருகிற நாட்களில், கம்பைலர் குறியை விழுங்கினால் நோன்பு திறக்கிற மஃரிப் நேரம் நான்கு நிமிடம் முந்திவிடும். சூரியன் நிற்கும்போதே ஊர் நோன்பு திறக்கும்.

விடையை மறுபடி ஏழாக்கிவிட்டு, ஓட்டியை ஹாஜியாரின் முன்னாலேயே ஓட்டினேன். முப்பத்தொன்பது சரி, ஒன்று பிழை. அந்த ஒன்று திருந்தும்வரை அடிக்க வேண்டாம் என்று கெஞ்சினேன். மறுநாள் நவ்பர் அந்தக் கேள்வியையே பட்டியலிலிருந்து தூக்கிவிட்டிருந்தான். கலண்டர் அச்சுக்குப் போனது. ஹாஜியார் என்னைச் சமாதானப்படுத்தினார்.

“முப்பத்தொன்பதுக்கு முப்பத்தொன்பதும் சரி. இனி என்ன டீச்சர் குறை?”

வயலில் இருந்து வந்தவர்

ஊருக்குள் பள்ளிவாசல் பாங்கு கேட்கும். கலண்டரை யாரும் பார்ப்பதில்லை. பாங்கு எட்டாத வயல் வாடிக் குடிசைகளில் கலண்டர்தான் பாங்கு. இருபதாம் நோன்பு தாண்டி, மாவடிப்பள்ளி வயலிலிருந்து ஒரு விவசாயி அந்தக் கடதாசியை மடித்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

“நாங்க ஏழு பேர் ஹாஜியார். பேரீச்சம்பழத்த வாயில வெச்சிட்டு நிமிந்து பாத்தா, சூரியன் வயலுக்கு மேல நிக்கிது. மூணு நாளா இதே கதை. மூணு நோன்பையும் திரும்பப் புடிச்சுக் கழாச் செய்யணும்.”

ஹாஜியார் அசையவில்லை. “கம்ப்யூட்டர் கணக்கு தம்பி அது. மழை மப்பில உங்களுக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்கும்.”

நான் அந்த மனிதரின் கலண்டரை வாங்கி, மிச்ச நாட்களின் நேரங்களைப் பேனையால் திருத்திக் கொடுத்தேன். அவர் ஹாஜியாரைப் பார்த்து அமைதியாகச் சொன்னார்:

“மப்பு இருந்தா சூரியன் தெரியாது ஹாஜியார்.”

ஹாஜியார் வீட்டு மஃரிப்

அன்று நோன்பு திறக்க ஹாஜியாரின் மனைவி என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார். கஞ்சிக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. சுவரில் கலண்டர். அதில் போட்ட நேரம் வந்தது, கடந்தது. ஒருவரும் கை நீட்டவில்லை. கம்பைலரைப் படைத்த நவ்பர் பேரீச்சம்பழத்தை விரல்களுக்கிடையில் வைத்துக்கொண்டு, பள்ளிவாசல் பக்கம் காதைக் கொடுத்திருந்தான். நான் கலண்டரைக் காட்டி, “நேரம் போயிட்டே ஹாஜியார்?” என்றேன். அவருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை.

“அது ஊருக்கு அடிச்சது டீச்சர். அத நம்பி நம்மட நோன்பப் பாழாக்கேலுமா?”

அந்த வகுப்பில் என் சோதனையை முழுமையாக நம்பிய ஒரே மனிதர் அவர்தான், அதுவும் தன் வீட்டு நோன்புக்கு மட்டும்.