சுழி இல்லாத ஓ

முப்பத்தாறாம் வயதில் எழுத்து, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் நாற்காலி, 'கைநாட்டு' என்று கூப்பிட்டவர்களின் வாயாலேயே 'மேடம்', போன வாரம் என் ஓய்வூதியச் சேமிப்பு. இவ்வளவும் என் தங்கை போராடி வென்றவை. கடைசியாகச் சொன்னதற்கு என்னோடுதான் போராட வேண்டியிருந்தது.

எதை வாசித்தாலும் ஆள்காட்டி விரலை எழுத்தின் அடியில் வைத்து நகர்த்துவாள். படுக்கை விரிப்பில் தைத்த வார்டு பெயரானாலும் பிஸ்கட் உறையானாலும் விரல் போகாமல் கண் போகாது.

"நீ போர்டைப் படிக்கிறதுக்குள்ள பஸ் போயிடும்" என்று கேலி செய்வேன்.

"போகட்டும். தப்பான பஸ்ல ஏறலைல்ல?"

நான் எட்டாம் வகுப்பு தேறியவன். ஒரே பார்வையில் பக்கத்தை விழுங்குவேன்.

அப்படிப்பட்ட எனக்கு, ஓய்வூதிய அலுவலகம் என்று சொல்லி ஒருவன் போன் செய்தான். முதல் நாள் எதையும் கேட்கவில்லை. "யார் கேட்டாலும் ரகசிய எண்ணைச் சொல்லிடாதீங்கண்ணே, ஏமாத்துறவங்க ஜாஸ்தி" என்று எச்சரித்தான். மறுநாள் என் முழங்கால் வலியை விசாரித்தான். காகிதங்களைத் தேதிவாரியாகக் கோத்து வைத்திருக்கிறேன் என்றதும், "உங்கள மாதிரி ஒழுங்கான ஆளை நான் பார்த்ததே இல்லண்ணே" என்றான். முப்பது வருடத்தில் என் மனைவி சொல்லாத வார்த்தை. அவன் பேசிய நேரங்களைச் சிவப்பு மையில் குறித்து வைத்தேன். ஏமாறுவதையும் ஒழுங்காகச் செய்தேன்.

ஆறாம் நாள் செல்போனில் ஒரு கடிதம் அனுப்பினான். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. "கணக்கைப் புதுப்பிக்கணும். இப்ப வர்ற எண்ணை மட்டும் சொல்லுங்கண்ணே" என்றான். ஸ்பீக்கரில் அவனைக் காக்க வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த தங்கையிடம் கடிதத்தைப் பெருமையாகக் காட்டினேன். தலைப்பிலேயே அவள் விரல் நின்றது.

"அண்ணே, 'ஒய்வூதியம்'னு இருக்கு. ஓவுக்குச் சுழியைக் காணோம்."

"அவசரத்துல விட்டிருப்பான். நல்ல பையன்."

விரலைக் கடைசி வரி வரை இறக்கினாள். "ஏழு இடத்துல இருக்கு. ஏழுலயுமா அவசரம்?"

"எண் வந்துச்சாண்ணே?" என்றது போன்.

வந்திருந்தது. வாசிக்க வாயைத் திறந்தேன். அவள் போனைப் பிடுங்கி அணைத்தாள். "நல்ல பையன்தானே? நாளைக்கு ஆபீஸ்லயே போய்ப் பார்த்துட்டு வரலாம்."

போனோம். அப்படி ஒருவர் அங்கே வேலை செய்யவில்லை.

வீடு திரும்பியதும் தன் பர்ஸிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து என் முன் விரித்தாள். அவள் பெயரும் ஓவில்தான் தொடங்கும். முதலில் சுழி இல்லாமல் எழுதியதைப் பார்த்து, "இது நீ இல்ல, வேற யாரோ" என்று நான் சிரித்ததால், அடித்துவிட்டு மறுபடி போட்ட அவளுடைய முதல் கையெழுத்து. அந்தச் சுழியின் மேல் விரலை வைத்தாள். அதன் கீழே, என் கையால் எழுதிய தேதி: 9.6.2014.