அவளுடைய பாஸ்வேர்ட்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நாங்கள் இரண்டு பேர் வாடகைக்கு இருந்தோம். சமாதானம் முறிந்து சண்டை திரும்பத் தொடங்கியிருந்த காலம். யாழ்ப்பாணத்துக்கான பாதை பூட்டியிருந்தது. நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்தேன். அவளுக்கு வேலை இல்லை. லண்டனில் இருந்த ஒருவரோடு நிச்சயமாகி, விசாவுக்காகக் கொழும்பில் வந்து காத்திருந்தாள்.

எனக்கும் கனடாவில் ஒருவரைப் பேசினார்கள். இரண்டு மாதம் ரெலிபோனில் கதைத்தார். பிறகு சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். சாதகம் பார்த்த பிறகுதான் எங்களைக் கதைக்கவே விட்டவர்கள் என்பதை அப்போது யாரும் ஞாபகப்படுத்தவில்லை. 

காலி வீதியில் ஒரு நெற் கஃபே இருந்தது. மாளிகாவத்தையைச் சேர்ந்த முஸ்லிம் நானா ஒருவர் நடத்தினார். வாசலில் ஒரு கொப்பியில் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிவிட்டுத்தான் உள்ளே விடுவார். பொலிஸ் வந்து கேட்குமாம். பின்னேரங்களில் நாங்கள் இருவரும் போய், ஒரு கொம்பியூட்டரை ஒரு மணித்தியாலத்துக்கு எடுத்துப் பங்குபோடுவோம். முதல் பத்து நிமிஷம் எனக்கு. எனக்கு வருவது விளம்பரங்களும், தம்பி எப்போதாவது அனுப்பும் இரண்டு வரியும். மிச்சம் ஐம்பது நிமிஷமும் அவளுக்கு.

லண்டனில் இருந்தவருடைய கடிதங்கள் நீளமானவை. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவார். அவள் திரையை என் பக்கம் மறைத்துக்கொண்டு வாசிப்பாள். இடையிடையே தனக்குள் சிரிப்பாள். பக்கத்துக் கதிரையில் இருந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று அவள் யோசித்ததாக நான் நினைக்கவில்லை.

பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தையும் வாய்க்குள் முணுமுணுப்பது அவள் பழக்கம். அரிவரிப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதுபோல. நான் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், மூன்று பின்னேரம் கவனமாகக் கேட்டேன். அவரை வீட்டில் கூப்பிடும் பெயரும் அவர் பிறந்த வருஷமும்.

நாலாம் நாள் கிளினிக்கில் மத்தியானம் நோயாளிகள் இல்லாத நேரம், டொக்டரின் கொம்பியூட்டரில் அவளுடைய ஈமெயில் பெட்டியைத் திறந்தேன். ஒரே ஒரு கடிதம் வாசிப்பம் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கே ஒன்பது வாசித்தேன்.

அவர் தான் சமைத்த சோற்றைப் பற்றி எழுதியிருந்தார். வேலைத்தலத்தில் தன்னோடு நிற்கும் போலந்துக்காரனைப் பற்றி, அவள் வந்தால் படுக்கை அறைக்கு என்ன நிறத்தில் திரைச்சீலை போடுவது என்று. பெரிய காதல் வசனங்கள் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. சினிமாக் கதைபோல எழுதியிருந்தால் நக்கலடித்துவிட்டுப் போயிருப்பேன். ஒரு மனுஷன் தன்னுடைய நாளை ஒருத்திக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஒருத்தி நான் இல்லை.

புதிதாக வந்த கடிதத்தைத் திறந்தால் வாசித்ததாக அடையாளம் விழும். அதைத் திரும்ப வாசிக்காததாக மாற்றும் வழியைக் கண்டுபிடித்தேன். பிறகு ஆறுதலாக வாசிக்கலாம் என்று அவருடைய கடிதங்களை ஒவ்வொன்றாக என்னுடைய பெட்டிக்கு அனுப்பிக்கொண்டேன். அந்த நாளில் அனுப்பும் கடிதத்தின் பிரதி பெட்டியில் தங்காது. வேண்டுமென்றால் நாங்களே அதற்கு அடையாளம் போடவேண்டும். ஆகையால் தடயம் விழவில்லை. ஆறு மாதம் இப்படிப் போயிற்று. பின்னேரம் அவள் நெற் கஃபேயில் சிரிக்கும்போது எந்த வரிக்குச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு கடிதத்தில் அவர் என்னைப் பற்றிக் கேட்டிருந்தார். "உம்மட அறைப் பிள்ளை பாவம், அவவுக்கு ஒருத்தரும் எழுதிறேல்லை எண்டு சொன்னீர். அவவையும் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போமன்." அன்றைக்கு நான் அவளோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. தலையிடியா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம், அவளுடைய பெட்டியில் இங்கிலீஷில் ஒரு அறிவித்தல் கிடந்தது. பெட்டி நிரம்பிவிட்டது, இரண்டு நாளுக்குள் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி அனுப்பாவிட்டால் நிரந்தரமாக மூடப்படும் என்று. மேலே கம்பனியின் அடையாளம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. நான் பயந்துபோனேன். அவளை நினைத்து அல்ல. பெட்டி மூடப்பட்டால் கடிதங்கள் எனக்கு வராது. அவள் பின்னேரம் பார்க்கட்டும் என்று விட்டிருக்கலாம். அவள் இங்கிலீஷ் அறிவித்தல்களை வாசிக்காமல் அழிப்பவள் என்பதால் நானே பாஸ்வேர்டை எழுதி அனுப்பினேன். பிறகு அந்த அறிவித்தலையும் அழித்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவளால் பெட்டியைத் திறக்க முடியவில்லை. பிழையாக அடிக்கிறாள் என்று நினைத்து, முணுமுணுத்து முணுமுணுத்துத் திரும்பத் திரும்ப அடித்தாள். அடுத்த நாள் காலையில் வீட்டுக்கார அன்ரி கீழே இருந்து கூப்பிட்டா. ஜேர்மனியில் இருந்து அவளுடைய சித்தப்பா எடுத்திருந்தார்.

"பிள்ளையைப் பிடிச்சிட்டாங்களாமே? எந்தப் பொலிஸ் ஸ்டேஷன்?" என்று கேட்டாராம்.

அவளுடைய பெட்டியில் இருந்து, அவளுக்குத் தெரிந்த எல்லாருக்கும் ஒரு கடிதம் போயிருந்தது. பெரிய கஷ்டத்தில் இருக்கிறேன், ரெலிபோன் எடுக்க வழியில்லை, உடனே காசு அனுப்புங்கள் என்று. வேறொரு நாட்டுக்காரனுக்கு அது பை களவுபோன கதையாகத் தெரிந்திருக்கும். எங்கள் ஆட்களுக்கு அதில் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. வெள்ளவத்தையில் வீடு வீடாகச் சோதனை நடந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போன காலம் அது. சித்தப்பா காசை அனுப்பியும் விட்டார். லண்டனில் அவர் வேலைக்குப் போகாமல் தெரிந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தார். செய்தி யாழ்ப்பாணத்துக்கும் போய், அவளுடைய அம்மா மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு லைன் கிடைத்ததும் அவள் ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான்தான் கதைக்கிறன், நான் அறையிலதான் இருக்கிறன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நெற் கஃபே நானா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "இது கள்ள வேலை தங்கச்சி. கம்பனிக்காரன் ஒருநாளும் பாஸ்வேர்ட் கேக்க மாட்டான். நீங்க ஆருக்காவது குடுத்தீங்களா?"

"இல்லை நானா. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"அப்ப எப்படிப் போகும்? இனி அந்தப் பெட்டி கிடைக்காது. புதுசா ஒண்டு திறங்க."

அவள் அழத் தொடங்கினாள். இரண்டு கிழமையில் விசா நேர்முகம். இருவரும் உண்மையாகவே பழகுகிறார்கள் என்று காட்டக் கடிதங்களைக் கொண்டுபோகவேண்டும். அவள் எழுதியவை அவரிடம் இருந்தன. அவர் எழுதியவை முழுக்க அந்தப் பெட்டிக்குள். அவரிடமும் பிரதி இல்லை. அவள் எழுதியவற்றை மட்டும் காட்டினால் யார் நம்புவார்கள்?

அவை எல்லாம் என்னிடம் இருந்தன. ஒரு கிழமை நான் அதைச் சொல்லவில்லை. பயம் மட்டும் காரணமென்றால் எழுதுவதற்கு இலகுவாக இருக்கும். அவளுக்கு விசா கிடைக்காமல் போனால் என்ன என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. இரண்டு பேரும் அந்த அறையிலேயே இருப்போம், சமமாக. கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸில் போகும்போது அந்த நினைப்பை இனிப்பு மாதிரி வாயில் வைத்திருந்தேன்.

அம்மா ஆஸ்பத்திரியால் வந்துவிட்டா என்று செய்தி வந்த அன்று அவள் எனக்கும் சேர்த்து மாவிளக்குப் போட்டு, கோயிலால் கொண்டுவந்து தந்தாள். வாழையிலைத் துண்டில் சுற்றியிருந்தது. அதைப் பிரிக்காமல் மேசையில் வைத்தேன்.

"அவர் எழுதின கடிதங்கள் என்னட்ட இருக்கு," என்றேன்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளக்கிச் சொன்னேன். அறிவித்தலுக்குப் பதில் போட்டதையும் சொன்னேன். அவள் கட்டிலில் இருந்து என்னையே பார்த்தாள்.

"எத்தினை நாளா?"

"ஆறு மாசம்."

"நான் குளிக்கப் போனால் அறைக் கதவைக்கூடப் பூட்டுறேல்லை உமக்கு," என்றாள். அவ்வளவுதான். மூன்று நாள் பேசவில்லை.

சனிக்கிழமை தானாகவே வெளிக்கிட்டு நின்று, "வாரும், பிரிண்ட் எடுப்பம்," என்றாள். நெற் கஃபேயில் நான் ஒவ்வொன்றாகத் திறந்தேன். அவள் பிரிண்டர் பக்கத்தில் நின்று எடுத்து அடுக்கினாள். எல்லாத் தாளிலும் தலைப்பில் என்னுடைய ஈமெயில் முகவரி விழுந்தது. அதிகாரி கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன். "சினேகிதி பத்திரமா வைச்சிருந்தவ எண்டு சொல்லுறன்," என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

என்னைப் பாவம் என்று எழுதிய கடிதம் வந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதையும் வாசிச்சனீரோ?"

"ஓம்."

"நான் அவருக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது."

மன்னிப்புக் கேட்கவேண்டிய இடத்தில் நிற்பவள் நான். அந்த இடத்தையும் அவளே எடுத்துக்கொண்டாள். அதற்கும் எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது என்பதை இன்றைக்கு ஒளிக்க விரும்பவில்லை. பிறகு என் பெட்டியில் இருந்தவற்றை எல்லாம் அழிக்கச் சொன்னாள். குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கும்வரை பின்னால் நின்றாள்.

அடுத்த நாளே பாமன்கடையில் இருந்த மச்சாள் வீட்டுக்குப் போய்விட்டாள். விசா கிடைத்தது. அன்ரியிடம் பயணம் சொல்ல வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். என்னைக் கேட்டவளா என்று விசாரித்தேன். "கேட்டவள், சுகமா இருக்கச் சொன்னவள்," என்றா அன்ரி. அன்ரி நல்ல மனுஷி. யாருக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பா.

அவளுடைய கட்டிலுக்கு வவுனியாவில் இருந்து ஒரு பிள்ளை வந்தது. வந்த கிழமையே, தனக்கு ஒரு ஈமெயில் திறந்து தரச்சொல்லி என்னை நெற் கஃபேக்குக் கூட்டிக்கொண்டு போனது. பெயர், பிறந்த திகதி எல்லாம் நானே அடித்துக் கொடுத்தேன். பாஸ்வேர்ட் கேட்கும் இடம் வந்ததும், "நீரே அடியும், வாய்க்குள்ள சொல்லாமல் அடியும்," என்றுவிட்டு வெளியே வந்து காலி வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளைக்கு யார் எழுதப்போகிறார்கள் என்று அறிய எனக்கு அப்போதே ஆசையாக இருந்தது.