அண்ணனின் வருகைப் பதிவு

அண்ணனுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுவாரம், பட்டப்பகலில் அவன் செல்போன் ‘டிங்’ என்றது. மாதா படத்துக்குக் கீழே அதைச் சார்ஜில் போட்டு வைத்திருந்தாள் அண்ணி. சாயங்காலம் நான் விழுப்புரத்திலிருந்து ரயிலில் திண்டிவனம் வந்து, வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போனை என் கையில் திணித்தாள்.

“இன்னா போட்டுகீதுன்னு படி பாப்பா. இங்கிலீசுல கீது.”

அண்ணன் பெயரைச் சொல்லி, வாழ்த்துகள், இன்று மூன்றாம் பாடத்தை முடித்துவிட்டீர்கள் என்று போட்டிருந்தது. அப்படியே தமிழில் படித்துச் சொன்னேன்.

அண்ணி பயப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கல்லறையில் மண் தள்ளும்போதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், “பாத்தியா, படிச்சிக்கினுதான் இருக்காரு” என்று சிரித்தாள். போன் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

பாடத்தை முடித்தது நான். சொல்ல வாய் வரவில்லை.

இந்தக் கூத்து இன்று நேற்று ஆரம்பித்ததல்ல. 1993இல் நான் ப்ளஸ் டூ முடித்து நல்ல மார்க் வாங்கியிருந்தேன். அண்ணன் எனக்கு ஒரு வயசு மூத்தவன், மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடும் வேலை. அஞ்சல்வழியில் பி.ஏ. வரலாறு சேர்த்தது அவனை. “அவன் படிச்சா வேல கெடைக்கும். நீ படிச்சா மாப்ள கெடைக்க மாட்டான்” என்றார் அப்பா. படிக்காமலும் மாப்பிள்ளை கிடைக்கவில்லை, அது வேறு கதை.

தபாலில் புத்தகக் கட்டு வரும். பிரித்துப் படிப்பது நான். அண்ணன் சாப்பிட உட்காரும்போது எதிரே உட்கார்ந்து கதை மாதிரி சொல்லுவேன். கேட்டுக்கொண்டே போய்ப் பரீட்சை எழுதிவிடுவான். வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் விடைத்தாள்கள் எல்லாம் என் கை. அவன் கையெழுத்து இடப்பக்கம் சாயும், நானும் சாய்த்தே எழுதினேன். போகப் போக எனக்கு வேறு மாதிரி எழுதவே வராமல் போயிற்று. இன்றைக்கும் பால் கணக்கைக் குறித்துவிட்டுப் பார்த்தால் அவன் எழுதியது மாதிரி இருக்கும். திடுக்கென்று இருக்கும்.

பட்டம் வந்தது, வேலை வந்தது, அண்ணி வந்தாள். பட்டம் கண்ணாடிச் சட்டத்தில் கூடத்துச் சுவரில் ஏறியது. நான் விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கப் போனேன்.

நாற்பது தாண்டியபின் அண்ணனுக்கு மறுபடி ஆசை பிடித்தது. இன்டர்நெட்டில் எங்கோ ஒரு வெளிநாட்டுக் கல்லூரி இலவசமாகத் தொல்லியல் சொல்லித்தருகிறதாம். சேர்ந்துவிட்டு என்னிடம் பாஸ்வேர்டைக் கொடுத்தான். “நீ கேட்டு எனக்குச் சொல்லும்மா, அந்தப் பொம்பள பேசறது ஒரு எழவும் புரியல.” இரண்டாம் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தான் பாவி.

அப்புறம் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பாடத்தைச் சும்மாதான் திறந்தேன். ‘உங்களைக் காணவில்லையே, பாடம் காத்திருக்கிறது’ என்று அவன் பெயர் சொல்லிக் கேட்டது. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே நான் முடிக்க முடிக்க, இங்கே போன் ‘டிங்’ என்றது. அண்ணி மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டே இருந்தாள்.

ஒரு பாடத்தில் தாழிக்குள் கிடந்த எலும்பைக் காட்டினார்கள். இடுப்பெலும்பைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்றாள் டீச்சர். அடிப்பாவி, அதற்கு நான் செத்தல்லவா ஆக வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

கடைசிப் பரீட்சைக்கு முன்னால், முகத்தைக் காட்டு என்று கேமரா கேட்டது. சேரும்போது அண்ணன் போட்ட போட்டோவோடு ஒத்துப் பார்க்குமாம். சரி, தொலைந்தது, இதோடு விட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரையில் என் முகம், பக்கத்தில் அவன் முகம். அதே ஏறு நெற்றி, அதே மூக்கு. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுப் பச்சையாக ஒரு டிக் விழுந்தது. அண்ணன் பெயரைப் போட்டு, உங்களை அடையாளம் கண்டுகொண்டோம், உள்ளே வாருங்கள் என்றது.

ஐயோ மாதாவே! மண்ணுக்குள் போனது யார், இங்கே உட்கார்ந்திருப்பது யார் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே தெரியவில்லை. பரீட்சை எழுதாமல் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

இன்டர்நெட் வந்துவிட்டது, இனி யாரும் எந்த வயதிலும் படிக்கலாம் என்கிறார்கள். வாஸ்தவம்தான். அப்பாவைக் கேட்க வேண்டாம், மார்க் ஷீட் வேண்டாம். பெயர் ஒன்றை மட்டும்தான் கேட்கிறது. மறுநாள் புதிதாகச் சேரப் பக்கத்தைத் திறந்தேன், என் விரல் தானாக அண்ணன் பெயரை அடித்தது. அழித்தேன். என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். புதிய மாணவர், முதல் பாடம் என்று வந்தது. என் பெயரைச் சொல்லி வரவேற்றது. “உள்ளேன் ஐயா” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கடையே திரும்பிப் பார்க்க, விசும்பி விசும்பி அழுதேன்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அண்ணி போனோடு வாசலிலேயே நின்றிருந்தாள். படித்தேன். உங்களைக் காணவில்லையே, பாடம் காத்திருக்கிறது.

அவள் முகம் வெளிறிவிட்டது. “ஏன் வரலியாம்? ஒடம்பு கிடம்பு சரியில்லியா அவருக்கு?”

“அவன் வர மாட்டான் அண்ணி. இத்தினி நாளா படிச்சிக்கினு இருந்தது நானு.”

அவள் பார்வை மெல்லச் சுவருக்குப் போனது, கண்ணாடிச் சட்டத்துக்கு.

“அப்போ அது?”

“பரீச்ச அவன்தான் எழுதனான். படிச்சது நானு.”

அண்ணி போய் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். அப்புறம்தான் அழுதாள்.